முதல்ல அந்தக் குளூ கன்னைக் கீழ வையுங்கோ

சுற்றாடல் தினம் வந்தாலும் சரி, நத்தார் வந்தாலும் சரி, எங்கட தொலைபேசிகளில் ஒரே வீடியோதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு மேசை. அதில் வீட்டில் கிடந்த சின்னச் சின்னச் சாமான்கள்: சோடி தொலைந்த தோடு, உடைந்த காப்பு, பூட்டு இல்லாத திறப்பு, கலியாண வீட்டில் தந்த குட்டிப் பொம்மை, யாரோ கனடாவிலிருந்து கொண்டுவந்த கீ ராக், ஓடாத மணிக்கூடு. இரண்டு கைகள் வருகின்றன. குளூ கன் வருகிறது. தங்க நிற ஸ்பிரே வருகிறது. முப்பது செக்கனில் எல்லாம் ஒரு வளையத்தில் ஒட்டுப்பட்டு யன்னலில் தொங்குகின்றன. கீழே ‘குப்பையிலிருந்து கலை’ என்று ஒரு வரி, பச்சை இலைப் படம் இரண்டு. முடிந்தது.

பார்க்க வடிவாத்தான் இருக்கு. அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. வீட்டில் கிடக்கும் சாமான்களைக் கோத்துத் தொங்கவிடுவதிலும் சண்டை இல்லை. நாங்களும் செய்கிறோம், எப்படி என்று கீழே சொல்வோம். எங்கட சண்டை அந்தப் பச்சை இலையோடு. செய்தது ஒரு அலங்காரம். அதைச் செய்ததால் பூமிக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டோம் என்ற நினைப்புத்தான் பிழை. பல நேரம் நடப்பது அதற்கு நேர்மாறு.

முதலில் செலவுக் கணக்கைப் பார்ப்போம். குளூ கன், அதற்குப் பசைக் குச்சிகள், ஸ்பிரே பெயின்ற், மினுக்கத் தூள், இரும்பு வளையம், சின்னப் பல்புச் சரம், அந்தச் சரத்துக்கு பற்றரி. இவ்வளவும் கடையில் புதிதாக வாங்கியவை. ‘சும்மா கிடந்த சாமான்’ என்று காட்டப்படுவது ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடி பழசைக் காப்பாற்ற ஒரு பை நிறையப் புதுசு வாங்குவதற்குப் பெயர் மீள்பாவனை இல்லை. அதுக்குப் பெயர் ஷொப்பிங்.

பாடசாலைகளிலும் கம்பஸிலும் நடக்கும் ‘கழிவுப் பொருட்களிலிருந்து ஆக்கம்’ போட்டிகள் இன்னும் மோசம். போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் சந்திக் கடைக்குப் போய்ப் பாருங்கோ. ஐம்பது யோகட் கப் வேண்டும் என்று பிள்ளை அழும். ஐம்பது யோகட்டை யார் குடித்து முடிப்பது? அப்பா பாவிக்காத புதுக் கப் ஒரு கட்டு வாங்கிக் கொண்டு வருவார். இரவிரவாக அம்மா வெட்டி, ஒட்டி, பூவாக்கி, சரமாக்கிக் கொடுப்பா. அடுத்தநாள் அது ‘கழிவு’ என்ற பெயரில் மேடையேறும். பரிசளிப்பு முடிந்த பின்னேரமே மண்டபத்துக்குப் பின்னால் உண்மையான கழிவாகிக் குவிந்து கிடக்கும், சிலவேளை எரியும். நாங்கள் படித்த இடங்களில் இதைப் பார்த்தே வளர்ந்தோம். எந்த இடம் என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் படித்த இடத்திலும் நடந்திருக்கும்.

இரண்டாவது, பசை. குளூ கன்னில் போடும் குச்சி அனேகமாக எதிலீன் வைனைல் அசற்றேற்று என்ற பிளாஸ்ரிக். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். எங்கட ஊர் வெயில் நேராக விழும் யன்னலில் அதன் பிடி மெல்ல மெல்லத் தளரும். ஒவ்வொன்றாகக் கழன்று விழும். ஆனால் விழுந்த சாமான் பழைய சாமானாக விழுவதில்லை. அதன் முதுகில் பசைக் கட்டி, முகத்தில் தங்கப் பெயின்ற்.

இது ஏன் பெரிய விசயம்? பித்தளையை உருக்கித் திரும்பப் பாவிக்கலாம். கண்ணாடியை உருக்கலாம். அலுமினியத்தை உருக்கலாம். தனித்தனியாக இருக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் போக ஒரு வழி இருக்கிறது. ஒழுங்கைக்குள் ‘பழைய இரும்பு, பித்தளை, போத்தல்’ என்று கூவிக்கொண்டு வருகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். செம்பு வேற, பித்தளை வேற, இரும்பு வேற என்று பிரித்துத்தான் அவர் நிறுப்பார். கண்ணாடி மணியும் பித்தளைத் திறப்பும் பிளாஸ்ரிக் பொம்மையும் பசையால் ஒன்றாகி, மேலே பெயின்றும் பூசுப்பட்ட ஒன்றை நீட்டினால் அவர் தொடவும் மாட்டார். அதற்குப் பிறகு அதற்கு இருப்பது குப்பை மேடு மட்டும்தான். அதாவது, லாச்சிக்குள் கிடந்தபோது அது சாமான். நாங்கள் ‘கலை’ செய்த பிறகுதான் அது குப்பையாகிறது.

மினுக்கத் தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் பொடியாக்கிய பிளாஸ்ரிக். கூட்டினால் முற்றத்துக்குப் போகும், கழுவினால் வாய்க்காலுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்ரோபரில் உதிரிப் பிளாஸ்ரிக் மினுக்கத் தூளை விற்பதற்கே தடை கொண்டுவந்தது. எங்கட புத்தகக் கடைகளில் அது இன்னும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில்.

மூன்றாவதுதான் எங்களுக்கு ஆகக் கூடுதலாகக் கோபம் வரும் இடம். ‘வேண்டாத சாமான்’ என்கிறார்களே, யாருக்கு வேண்டாத சாமான்?

வீட்டைத் துப்புரவாக்குவது ஒரு உலக மோஸ்தராகிவிட்டது. ஜப்பானைச் சேர்ந்த மரி கொண்டோவின் புத்தகம் 2011இல் வந்தது. ஒரு பொருளைக் கையில் எடு, அது சந்தோசம் தருகிறதா என்று பார், தராவிட்டால் நன்றி சொல்லி விடை கொடு என்பது அதன் சாரம். ரோக்கியோவில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் சாமான் நிரம்பி வழிகிறவருக்கு அது நல்ல புத்திமதியாக இருக்கலாம். அதையே கொண்டுவந்து எங்கட அம்மம்மாவின் சோகேசுக்கு முன்னால் நிற்க முதல் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கையில் எடுத்தது கொஞ்சம், விட்டுவிட்டு வந்தது மிச்சம் எல்லாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்களில் சில, இருபது, முப்பது வருசம் கழித்தே தங்கட காணியைக் கண்டன; சில இன்னும் காணவில்லை. அதே 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்குக் கொண்டுபோக விட்டதே சொற்பம். வன்னியில் 2009இல் கையில் இருந்ததையும் ஒவ்வொரு இடப்பெயர்வாகக் கைவிட்டுக்கொண்டு வந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பூட்டில்லாத திறப்பு ஒன்று இருந்தால், அது எந்தக் கதவின் திறப்பு என்று கேட்க வேண்டும். கதவே இப்போது இல்லாமல் இருக்கலாம். அதைக் கையில் எடுத்து ‘சந்தோசம் தருகிறதா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? தராது. ஆனாலும் எறிய முடியாது. எங்கட வீடுகளில் பல சாமான்கள் அந்த வகை. வெளிநாட்டிலிருந்து வந்த கீ ராக்கும் அப்படித்தான். அது ஒரு மலிவான தகரம். ஆனால் கொண்டுவந்த மாமா அதற்குப் பிறகு வரவில்லை என்றால், அதுதான் மாமா.

அதனால், அம்மா கோயிலுக்குப் போன நேரம் சோகேசைத் திறந்து நாலு சாமான் எடுத்து ஸ்பிரே அடிக்கிற வேலை எங்களுக்குக் கலையாகத் தெரியவில்லை. கேட்டுவிட்டு எடுங்கோ. கேட்கும்போதுதான் கதை வரும். கதை வந்த பிறகும் ‘எடு பிள்ளை, கிடந்து என்ன செய்யிறது’ என்று அவ சொன்னால், அப்போது அது உண்மையிலேயே வேண்டாத சாமான்.

நாலாவது, பெயர். ‘அப்சைக்கிளிங்’ என்ற சொல் 1994 அளவில் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. ரைனர் பில்ஸ் என்ற ஜேர்மனியர், பழைய கட்டடங்களை இடித்து நல்ல செங்கல்லையும் நொருக்கும் வேலையைப் பார்த்து, இது மீள்சுழற்சி அல்ல, பொருளின் தரத்தை இறக்கும் வேலை என்று சாடியபோது பாவித்த சொல் அது. பழைய பொருளின் பெறுமதி கூடவேண்டும், குறையக் கூடாது என்பதே அவரின் வாதம். நல்ல வாதம். தங்கப் பெயின்ற் பூசிய பித்தளைத் திறப்பின் பெறுமதி கூடுகிறதா, குறைகிறதா என்று நீங்களே சொல்லுங்கோ.

சொல் 1994இல் வந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் சனம் என்ன செய்துகொண்டிருந்தது? பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை சாதாரண தரமும் உயர்தரமும் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். யாரும் அதற்குப் பச்சை இலை போடவில்லை. வேறு வழியில்லாத செய்கை அது. அதை நாங்கள் ‘அந்தக் காலத்து அழகு’ ஆக்கவும் விரும்பவில்லை; தடை ஒரு கொடுமை. ஆனால் ஒரு பொருளை அதன் கடைசிவரை பாவிக்கிற அறிவு எங்கட வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அந்த அறிவு பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பிஸ்கற் ரின்னுக்குள் ஊசியும் நூலும் தெறியும் வைத்திருப்பவ அம்மா. பழைய கலண்டர் தாளையும் கலியாணக் காட்டையும் நீள் முக்கோணமாக வெட்டி, உருட்டி, மணியாக்கி, கதவுக்குத் தொங்கல் கேற்றின் செய்தவ பெரியம்மா. போன சீலையைக் கால்மிதியாக்கினவ அப்பம்மா. அவையள் செய்தபோது வீட்டில் என்ன பெயர்? ‘கஞ்சத்தனம்’. ‘குப்பை சேர்க்கிறது’. அதையே நாங்கள் கமராவுக்கு முன்னால் செய்தால் ‘அப்சைக்கிளிங்’. எங்களுக்குக் கைதட்டு, அவைக்கு ஏச்சு. இந்த அநியாயத்தைக் கேட்காத எந்தக் கைவேலைப் பக்கத்தையும் நாங்கள் பின்தொடரப் போவதில்லை.

‘ஒரு சின்ன சந்தோசம்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு ஆய்ச்சல்?’ என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. சந்தோசத்துக்காகச் செய்தால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். சூழலுக்காகச் செய்கிறோம் என்றால் மட்டும் திறப்போம். ஏனெண்டால் இந்த நாட்டில் குப்பை ஒரு உயிர்ப் பிரச்சினை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவர்கள் வீட்டில் மூடியைச் சேர்த்துச் சரம் செய்யாததால் அந்த மலை வரவில்லை. ஒரு நகரம் முழுவதன் குப்பையை ஏழைகளின் வீட்டு வாசலில் வருசக்கணக்காகக் கொட்டியதால் வந்தது. அம்பாறை பள்ளக்காட்டில் காட்டோரக் குப்பை மேட்டைத் தின்று எட்டு வருசத்தில் ஏறத்தாழ 20 யானைகள் செத்தன என்று 2022இல் செய்தி வந்தது. அந்த வயிறுகளில் இருந்தது பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும். 2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கரையொதுங்கிய பிளாஸ்ரிக் மணிகளை எந்த நூலில் கோப்பது?

இவ்வளவுக்கும் பொறுப்பான கொம்பனிகளும் மாநகர சபைகளும் அமைச்சுகளும் இருக்கின்றன. அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியை ஒரு பத்து வயசுப் பிள்ளையின் கையில் கத்தரிக்கோலாகக் கொடுத்து, ‘நீதான் பூமியைக் காப்பாற்ற வேணும்’ என்று மேடையேற்றுவது வசதியான தந்திரம். அனுசரணையாளர் யார் என்று பதாகையைப் பாருங்கோ. போத்தலில் பானம் விற்கிறவரின் பெயர் இருந்தால் ஆச்சரியப்படாதேங்கோ.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2017 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளில், அரசியல், சமய, கலாசார நிகழ்வுகளின் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பாவிப்பதும் தடை. 2023 ஒக்ரோபரிலிருந்து ஒருமுறை பாவிக்கும் ஸ்ட்ரோ, கரண்டி, கோப்பைகளோடு பிளாஸ்ரிக் பூமாலையும் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதாவது தொங்கும் அலங்காரத்தைப் பற்றியே அரசாங்கம் இரண்டு தரம் வாய் திறந்திருக்கிறது. திருவிழாக் காலத்தில் வீதியில் இறங்கி அண்ணாந்து பாருங்கோ, எது பறக்கிறது என்று. அதைக் கேட்க ஒரு கூட்டம் சேர்ந்தால் நாங்கள் முதல் ஆளாக வருவோம்.

சரி, அப்ப நீங்கள் என்னதான் செய்யிறியள் என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

எங்களிடம் மாதிரிக்குப் பஞ்சமில்லை. குருத்தோலைத் தோரணம் இருக்கிறதே. வெட்டி, மடித்து, கயிற்றில் கொழுவினால் சரி. பசை இல்லை, ஆணி இல்லை. விழா முடிய இறக்கினால் மாட்டுக்கோ எருக்கிடங்குக்கோ போகும். தொங்கவிடுகிறபோதே இறக்கப்போகிற நாளையும் நினைத்துச் செய்த அலங்காரம் அது. அந்த ஒரு குணத்தைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்: கட்டலாம், ஒட்டக் கூடாது.

போன விடுமுறையில் ஆறு பேர் சேர்ந்து ஒரு விறாந்தைக்குச் செய்தோம். சீலை கிழிந்த குடையின் கம்பிக்கூடு ஒன்று, அதுவே சட்டம். தையல் நூலை மூன்று இழையாகத் திரித்தால் ஒரு பூட்டையே தாங்கும். ஓட்டையுள்ள சாமானை அப்படியே கோத்தோம். ஓட்டை இல்லாததைக் குறுக்கும் நெடுக்குமாக நூல் சுற்றிப் பொதி கட்டுவது போலக் கட்டினோம். துளை போடவில்லை. முடிச்செல்லாம் ஒரு பக்கம் இழுத்தால் அவிழ்கிற சுருக்கு. பாரமானவை நடுக்கம்புக்குக் கிட்ட, இலேசானவை நுனிக்கு. ஒரு பக்கம் பித்தளைப் பூட்டைக் கட்டினால் மறுபக்கம் மூன்று திறப்பாவது ஏறும்வரை கூடு சாய்ந்தபடியே நிற்கும். தராசு பிடிக்கிற பொறுமை வேண்டும். காற்று வந்தபோது இன்னொன்று தெரிந்தது. பித்தளை கணீரென்று கேட்கும், கண்ணாடிக் காப்பு மெல்லச் சிணுங்கும், பிளாஸ்ரிக் ‘டொக்’ என்று மட்டும் சொல்லும். எது எதனால் ஆனது என்பதைக் காதாலேயே படிக்கலாம். பெயின்ற் பூசியிருந்தால் கண்ணாலும் படித்திருக்க முடியாது.

மணிக்கூட்டைக் கட்ட முதல் அதற்குள் இருக்கும் பொத்தான் பற்றரியைக் கழற்றிவிடுங்கோ. சின்னப் பிள்ளை விழுங்கினால் தொண்டையையே அரிக்கும். உடைந்த கண்ணாடியைக் கட்ட வேண்டாம். மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டால், ஒன்றுமில்லை. நூல் அந்த வீட்டு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தது.

கட்டித் தொங்கவிட்டு இரண்டு கிழமை கழித்து, திறப்பொன்றைத் தந்த பக்கத்து வீட்டு அம்மம்மா வந்தா. ‘பிள்ளையள், குறை நினைக்காதேங்கோ, அந்த நீட்டுத் திறப்பை மட்டும் தாறியளே’ என்றா. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. முடிச்சை இழுத்தோம், அவிழ்ந்தது. துடைக்கக்கூடத் தேவையில்லாமல், தந்தபடியே இருந்தது. கையில் கொடுத்தோம். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனா. ஒட்டியிருந்தால் என்னத்தைக் கொடுத்திருப்போம்?

எங்கட முழு வாதமும் இவ்வளவுதான். மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கக்கூடியபடி செய்யுங்கோ. வீட்டுச் சாமானுக்கு மட்டுமில்லை, மண்ணிலிருந்து எடுத்த பித்தளைக்கும் கண்ணாடிக்கும் அதே மரியாதைதான்.

இனிப் போட்டி நடத்துகிறவர்களுக்கு. அடுத்த முறை அறிவித்தலில் மூன்று விதி போடுங்கோ. ஒன்று, இதற்கென்று எதையும் புதிதாக வாங்கக் கூடாது. வாங்கினால் சிட்டையை ஆக்கத்தோடு சேர்த்துத் தொங்கவிட வேண்டும், எல்லாரும் பார்க்கட்டும். இரண்டு, ஒவ்வொரு சாமானையும் யார் தந்தது, என்ன சொல்லித் தந்தது என்று பிள்ளை இரண்டு வரி எழுத வேண்டும். மூன்று, முடிவில் நடுவர்கள் அதை வெறும் கையால் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிசத்தில் எல்லாம் பழையபடி தனித்தனியாக மேசையில் கிடந்தால், அந்தப் பிள்ளைக்கு முதல் பரிசு.